11 வயது மகளும் போலிச் செய்தியும்: விளையாட்டாகக் கற்றுத்தர என்ன வழி?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. இணையத்தில் பார்க்கும் படம், வீடியோ எல்லாவற்றையும் அப்படியே நம்புகிறாள். பொய்யாக இருக்கலாம் என்று சொன்னால் காதில் வாங்குவதில்லை. விளையாட்டாகக் கற்றுத்தர முடியுமா?

பதில்: முடியும். இந்த வயதில் "நம்பாதே" என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. ஒரு படத்தைத் தன் கையாலேயே திரித்துப் பார்த்த பிள்ளைக்கு, அடுத்த படத்தில் எங்கே கைவைத்திருப்பார்கள் என்று தேடத் தோன்றும். வாரம் ஒருநாள் அரைமணி நேரம் அவளோடு உட்காருங்கள்.

முதலில் படம் வெட்டுவது. தண்ணீரை வாரியிறைத்து விளையாடும் இரண்டு பிள்ளைகளின் படம் ஒன்றை எடுங்கள். தண்ணீர் பட்டுக் கண்ணை இறுக மூடியிருக்கும் முகத்தை மட்டும் விட்டு, வாளியையும் பக்கத்தில் சிரிக்கும் பிள்ளையையும் கிராப் செய்து நீக்கச் சொல்லுங்கள். இப்போது அந்த முகம் அழுவதுபோல் தெரியும். அதற்கு மூன்று தலைப்புகளை அவளே எழுதட்டும். படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை, செய்தி மட்டும் எப்படிப் பொய்யானது என்று கேளுங்கள். அவள் பதில் சொல்லும்வரை விளக்கம் கொடுக்காதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய நிகழ்ச்சி நன்றாக எடுபடும். 1917-இல் இங்கிலாந்தின் காட்டிங்லியில் 16 வயதுச் சிறுமியும் 9 வயதுச் சிறுமியும், தாளில் வரைந்து வெட்டிய தேவதைகளைத் தொப்பி ஊசியால் நிறுத்திப் படமெடுத்தார்கள். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலே அதை நம்பினார்.

அடுத்தது ஸ்கிரீன்ஷாட். கணினியில் குரோமில் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்து, தலைப்பின்மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். திறக்கும் பகுதியில் தலைப்பின் எழுத்தை இருமுறை கிளிக் செய்து மாற்றி என்டர் தட்டினால், அதே லோகோவின் கீழ் அவள் எழுதிய தலைப்பு நிற்கும். எஃப்5 அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். மாறியது உங்கள் கணினிக்கு வந்த நகல் மட்டும்தான். சிக்கல் வருவதும் இங்கேதான். பிள்ளை ஆர்வத்தில் அதைப் படம்பிடித்துத் தோழிகளுக்கு அனுப்பிவிடும். நிஜ மனிதர் பெயர் கூடாது, பூனை விண்வெளிக்குத் தலைவரானது போன்ற தலைப்பு மட்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அவசரப்படுத்தும் விளம்பரம். அதைச் செய்ய, பிள்ளைகள் கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் 'ஸ்கிராட்ச்' என்ற இணையதளம் போதும். கணக்குத் தொடங்காமலே உலாவியில் செய்யலாம். 10 என்று தொடங்கி நொடிக்கு ஒன்று குறையும் எண்ணும், "சீக்கிரம், நேரம் முடியப்போகிறது!" என்ற வரியும் வைக்கட்டும். பூஜ்யம் வந்ததும் மறுபடி 10-க்குப் போகும்படி அமைக்கச் சொல்லுங்கள். அவசரம் செயற்கையாக உண்டாக்கப்படுவது அவளுக்கே விளங்கிவிடும்.

இத்தோடு நிறுத்தினால் ஆபத்து. பொய்யை மட்டும் பார்த்துப் பழகிய பிள்ளை உண்மைச் செய்தியையும் பொய் என்று தள்ளிவிடும். ஆகவே நான்காம் வாரம் ஆறு செய்திகள் கொடுங்கள், மூன்று உண்மை, மூன்று பொய். அதே பக்கத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க விடாதீர்கள். புது டேப் திறந்து, வேறு யார் இதைச் சொல்லியிருக்கிறார்கள் என்று தேட வேண்டும். படமானால், படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டு, முன்பு எப்போது வந்தது என்று பார்க்கட்டும். பழைய படத்துக்குப் புதுக் கதை கட்டுவதுதான் அடிக்கடி நடப்பது. சரியான விடைக்கு இரண்டு மதிப்பெண்; தேடிப் பார்த்தபின் "இன்னும் தெரியவில்லை" என்றால் ஒன்று; தேடாமல் சொன்ன விடை சரியாகவே இருந்தாலும் பூஜ்யம்.