இரண்டு அடுக்கு என்று எப்படித் தெரியும்?

அன்புள்ள சார்,

என் மகள் பிளஸ் ஒன் உயிரியல் பிரிவு. செல் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். 'செல் சவ்வு பாஸ்போலிப்பிடுகளின் இரட்டை அடுக்கால் ஆனது' என்று திரும்பத் திரும்பச் சொன்னவளிடம், இரண்டுதான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள், மைக்ராஸ்கோப்பில் தெரியுமா என்று கேட்டேன். "அது ஒரு மார்க் கேள்விம்மா, இதெல்லாம் கேட்க மாட்டாங்க" என்றாள். நான் பி.காம். படித்தவள், ஆனாலும் கேள்வி மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. உயிரி மூலக்கூறுகள் என்று தனிப் பாடம் வேறு இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. ஒளியைக் கொண்டு பார்க்கும் அந்த மைக்ராஸ்கோப் பிரித்துக் காட்டக்கூடிய ஆகச் சிறிய இடைவெளி சுமார் 200 நானோமீட்டர், சவ்வின் மொத்தத் தடிமனே ஏழெட்டு நானோமீட்டர்தான். பாஸ்போலிப்பிடு என்பது ஒரு வகைக் கொழுப்பு. பிறகு எப்படி என்றால், அந்தக் கொழுப்பைத் தண்ணீர்மேல் பரப்பி அளந்துதான்.

1925இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர் என்ற குழந்தை மருத்துவரும் அவருடன் வேலை செய்த கிரெண்டலும் மனிதன், நாய், ஆடு, முயல் என்று பல ரத்தத்திலிருந்து சிவப்பணுக்களை எடுத்து, அசிட்டோனைக் கொண்டு அவற்றின் கொழுப்பைப் பிரித்து, ஒரு தொட்டித் தண்ணீரின் மேல் விட்டார்கள். இந்தக் கொழுப்பு மூலக்கூறின் ஒரு முனையைத் தலை என்றும் மறுமுனையை வால் என்றும் சொல்வார்கள்; தலை தண்ணீரோடு ஒட்டும், வால் ஒட்டாது. அதனால் தலை தண்ணீரில், வால் காற்றில் என்று ஒரே அடுக்காகப் பரவி நிற்கும். அந்தப் பரப்பை அளந்தால், அத்தனை சிவப்பணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு இருந்தது. ஆக, சவ்வில் இரண்டு அடுக்கு.

சிவப்பணுவைத் தேர்ந்தெடுத்ததுதான் கெட்டிக்காரத்தனம். பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது, வெளிச் சவ்வைத் தவிர வேறு சவ்வே கிடையாது. கல்லீரல் செல்லை எடுத்திருந்தால் அதன் உள்ளே சவ்வால் ஆன எண்டோபிளாச வலை, கோல்கை உறுப்பு எல்லாவற்றின் கொழுப்பும் சேர்ந்து வந்து கணக்கைக் கெடுத்திருக்கும். சிவப்பணுவில் உட்கரு இல்லை என்பதையும் உங்கள் மகள் ஒரு மார்க்காகப் படித்திருப்பாள்!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. அவர்கள் கணக்கில் இரண்டு தப்பு இருந்தது. அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் இழுத்து வரவில்லை, கணிசமான பங்கை விட்டுவிட்டது. காய்ந்து சுருங்கிய செல்களை அளந்ததால் மேற்பரப்பும் குறைவாகக் கிடைத்தது: மனிதச் சிவப்பணுவுக்கு 140 சதுர மைக்ரோமீட்டர் பக்கம் வரவேண்டியது 100 என்றுதான் வந்தது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டி விடை சரியாக வந்துவிட்டது. (பரீட்சையில் இதை யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.) 1950களின் கடைசியில் ராபர்ட்சன் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, இரண்டு கருங்கோடும் நடுவில் ஒரு வெளிர்க் கோடுமாகச் சவ்வு தெரிந்தது.

சரி, அடுத்த கேள்வி. சம்பந்தம் உண்டா என்று கேட்கிறீர்கள், இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் பிரித்ததே கோளாறு என்பேன் நான். செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். தண்ணீர் பிடிக்காத வால்கள் எங்கே போகும்? ஒன்றை ஒன்று பார்த்தபடி உள்பக்கம் திரும்பிக்கொள்ளும், தலைகள் இரண்டு பக்கமும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். யாரும் அடுக்கிவைக்க வேண்டியதில்லை, மூலக்கூறின் குணத்தாலேயே இரட்டை அடுக்கு அமைந்துவிடுகிறது. அந்த இன்னொரு பாடத்தில் நிறைவுற்ற, நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் வரும், இந்த வால்கள் அவைதான். நெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லையே, அந்த விஷயம்தான். நிறைவுற்ற வால்கள் நேராக இருப்பதால் நெருங்கி அடுக்கி நிற்கும், நிறைவுறாதவை இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் வளைந்திருப்பதால் அப்படி நெருங்க முடியாது. குளிர்ந்த நீரில் வாழும் மீன்கள் தங்கள் செல் சவ்வில் வளைந்த வால்களைக் கூடுதலாக வைத்துக்கொள்கின்றன, இல்லாவிட்டால் சவ்வு இறுகிவிடும்.

இறுகினால் என்ன என்று கேட்பீர்கள். சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் நகர வேண்டும். 1970இல் ஃபிரையும் எடிடினும் ஓர் எலி செல்லையும் ஒரு மனித செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் புரதங்களுக்கும் வேறுவேறு நிறத்தில் ஒளிரும் அடையாளம் போட்டுப் பார்த்தார்கள். முதலில் பாதி ஒரு நிறம், பாதி இன்னொரு நிறம். 37 டிகிரி செல்சியஸில் 40 நிமிடத்தில் பெரும்பாலான செல்களில் இரண்டும் முழுக்கக் கலந்துவிட்டன, நன்றாகக் குளிரவைத்தால் கலக்கவில்லை. இது போன்ற சான்றுகளை எல்லாம் சேர்த்து 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் கொடுத்த சவ்வு மாதிரிதான் (மாடல்) பாடப்புத்தகத்தில் படமாக இருக்கிறது. படத்தில் எல்லாம் ஆணி அடித்ததுபோல நிற்கிறதே என்றால், அச்சில் வேறு எப்படிப் போட முடியும்?

அப்புறம், மகளுக்கு ஒரு கணக்கு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டன் கிளாப்ஹாமில் ஒரு குளத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெயை விட்டார், அது அரை ஏக்கர் அளவுக்குப் பரவியதாக 1774இல் எழுதினார். 5 மில்லிலிட்டரை 2,000 சதுர மீட்டரால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 2.5 நானோமீட்டர் வரும். சவ்வின் கொழுப்பில் ஓர் அடுக்கின் தடிமனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஃபிராங்க்ளின் அந்த வகுத்தலைச் செய்து பார்க்கவில்லை.