ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஐசி (சிப்) என்று எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் எல்லாம் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கின்றன. வீட்டில் எப்படிப் பிரித்து வைப்பது?

பெரிய டிராயர் பெட்டி இப்போதே வாங்க வேண்டாம். ரெசிஸ்டருக்குச் சின்ன ஜிப் கவர்களே போதும். வழக்கமான ரெசிஸ்டர்கள் பெரும்பாலும் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்ற 12 எண்களில்தான் திரும்பத் திரும்ப வரும், பின்னால் சைபர்தான் கூடும். அதனால் 100 ஓம் முதல் 820 ஓம் வரை ஒரு கட்டு, 1கே (1000 ஓம்) முதல் 8.2கே வரை ஒரு கட்டு என்று ரப்பர் பேண்ட் போட்டு, செருப்புப் பெட்டியில் வரிசையாக நிறுத்துங்கள். விரலால் தள்ளித் தள்ளித் தேடலாம்.

மிச்சமானதைத் திரும்பப் போடும் முன் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். ரெசிஸ்டரின் மதிப்பைச் சொல்வது அதன் மேலுள்ள வண்ணக் கோடுகள்தான்; மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சிவப்புக் கோடும் ஆரஞ்சுக் கோடும் ஒன்றுபோலத் தெரியும். நான் 1கே கவரில் 10கே-வைப் போட்டுவிட்டு, எல்இடி ஏன் மங்கலாக எரிகிறது என்று ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன்.

ஐசி, மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) இரண்டையும் தெர்மாகோலில் மட்டும் குத்தி வைக்காதீர்கள். அதில் உருவாகும் நிலைமின்சாரம், கண்ணுக்குத் தெரியாமலே உள்ளே சேதப்படுத்திவிடும். மின்சாரம் கடத்தும் கறுப்பு ஃபோம் நல்லது. அவசரத்துக்கு, கால்களை அலுமினியத் தாளில் சுற்றி வைக்கலாம். ஆனால் பட்டன் செல் பொருத்திய மாட்யூலுக்கு இது ஆகாது, ஷார்ட் ஆகிவிடும்.

எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் கவரில் வாங்கிய ஆண்டையும் எழுதுங்கள். சூடேறும் பரணில் அவற்றை வைக்க வேண்டாம். அப்புறம், கடற்கரைப் பக்கம் வீடு என்றால் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று கட்டாயம். கால்கள் கறுத்துவிட்டால் ஈயம் ஒட்டாது.