கண்டவர் யார், பிடித்தவர் யார்?

கேள்வி: கோலார் தங்கவயலை முதலில் கண்டுபிடித்தவர் வாரனா, லாவெல்லா? என் தாத்தா அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவர், அதனால் கேட்கிறேன்.
- வாசகர், குடியாத்தம்

பதில்: 'கண்டுபிடித்தவர்' என்ற சொல்லோடு எனக்குப் பழைய சண்டை. வரலாறு எழுதும் நண்பர் ஒருவரோடு இதற்காகவே இரண்டு வருடம் பேசாமல் இருந்திருக்கிறேன். கண்டவர் ஒருவர், பிடித்தவர் வேறொருவர் என்றால் இரண்டையும் ஒட்டி ஒரே ஆளுக்கு எப்படிக் கொடுப்பது?

1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், தங்கம் பற்றிய ஊர்ப்பேச்சைக் கேட்டு, காட்டித் தருபவருக்குச் சன்மானம் என்றார். உரிகம் கிராமத்தார் வண்டியில் மண் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே கழுவினார்கள். அடியில் பொன் மின்னியது. மாரிகுப்பத்திலோ சுரங்கமே இருந்தது. குழிக்குள்ளிருந்து கல்லைக் கூடை கூடையாகக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். பெண்கள் அதைப் பாறையில் இடித்துப் பொடியாக்கி அரித்தார்கள். இதையெல்லாம் எழுதிவைத்தவரே வாரன்தான். அப்புறம் அவர் கண்டுபிடிக்க என்ன மிச்சம்?

அவர் எழுதியதை 1871-இல் படித்துவிட்டு, பெங்களூரிலிருந்து மாட்டுவண்டி கட்டிப் போனவர் மைக்கேல் லாவெல். நியூசிலாந்துப் போரைப் பார்த்த ஐரிஷ்காரர். 1875-இல் குத்தகை வாங்கினார், பணம் போதவில்லை, உரிமை கைமாறியது. 1880-இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி வந்தது. பிடித்தவர்கள் அவர்கள்.

வாரனை நான் மட்டம் தட்டவில்லை. எனக்கு மிகவும் பிடித்த மனிதர். சென்னை வானாய்வுக்கூடத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவர், நம் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றி 1825-இல் 'கால சங்கலித' என்று ஒரு பெரிய நூலே போட்டார். பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதமே கிடையாது. அந்தக் கணக்கு இன்று நமக்குத் தெரிகிறது என்றால் வாரன் கூட இருந்து குறித்துக்கொண்டதால்தான். உரிகத்திலும் அவர் செய்தது அதே வேலை. தெரிந்தவர்களைக் காட்டச் சொன்னார், பார்த்தார், எழுதினார். 'குறித்துவைத்தவர்' என்று சொல்லுங்கள், மனதாரச் சம்மதிக்கிறேன்.

சரி, உங்கள் தாத்தாவுக்கு வருவோம். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்படும்வரை வட ஆற்காட்டிலிருந்து எத்தனை குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இறங்கின! அவர் எந்த ஷாஃப்டில் வேலை பார்த்தார், என்ன வேலை, வீட்டில் என்னென்ன சொல்வார்? நினைவிருப்பதையெல்லாம் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.