ஒரே வாரத்தில் கல்யாணமும் வீடும்

அன்புள்ள ஐயா,

மௌனப்படக் காலத்துக் குட்டிக் காமெடிப் படங்களை நீங்கள் அடிக்கடி சிலாகித்து எழுதுகிறீர்கள். போன ஞாயிறு மகளோடு உட்கார்ந்து யூடியூபில் நாலைந்து பார்த்தேன். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். எனக்கோ எல்லாரும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர்கள்போல ஓடுவதும், விழுவதும், உதைப்பதும் தவிர ஒன்றும் தெரியவில்லை. பழசு என்பதற்காகவே புகழ்கிறோமோ?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

பாதி நியாயம் உங்கள் பக்கம். மாக் சென்னட் 1912இல் தொடங்கிய கீஸ்டோன் கம்பெனி, இட்லி அவிப்பதுபோல ஈடு ஈடாகப் படங்களை இறக்கியது. பலவற்றில் உதையைத் தவிர வேறு சரக்கு இல்லைதான்.

வெந்நீர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அன்று காமிராவைக் கையால்தான் சுற்றினார்கள். வினாடிக்கு 16, 18, 20 பிரேம் என்று ஆளுக்கு ஆள் மாறும். அதைப் பேசும்பட வேகமான 24இல் ஓட்டினால் மனிதர்கள் பறக்கத்தான் செய்வார்கள். துரத்தல் காட்சிகளில் காமிராக்காரரே வேண்டுமென்று மெதுவாகச் சுற்றி, திரையில் கொஞ்சம் வேகம் கூட்டுவதும் உண்டு. ஆனால் அது உப்புப் போடுகிற அளவு. உங்களுக்குக் கிடைத்த பிரதியில் யாரோ மூட்டையையே கவிழ்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, ஒரே ஒரு படம் சொல்கிறேன். நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டன் மாப்பிள்ளையாக நடித்த 'ஒன் வீக்', 1920. இரண்டு ரீல். புதுமணத் தம்பதிக்கு மாமா ஒரு மனையும், பெட்டி பெட்டியாகப் பிரித்து அடுக்கிய ஒரு வீடும் பரிசளிக்கிறார். எண் பார்த்துக் கோத்தால் வீடு. (சியர்ஸ் கம்பெனி அன்றைய அமெரிக்காவில் தபாலில் கேட்டலாக் அனுப்பி இப்படி வீடு விற்றது நிஜம்.) பெண் கிடைக்காத பொறாமையில் ஒருவன் பெட்டி எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். அப்புறம் மாடிக் கதவைத் திறந்து காலை வைத்தால் அந்தரம்! வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். இந்த ஆள் இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடுகிறார். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை புயலில் வீடு ராட்டினமாய்ச் சுற்றுகிறது. சுழல்மேடைமேல் கட்டி நிஜமாகவே சுற்றவிட்டார்கள்.

கட்டிய மனை வேறொருவருடையது, தங்களுடையது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்று தெரிகிறது. வீட்டைக் காரில் கட்டி இழுக்கிறார்கள். சரியாகத் தண்டவாளத்தில் மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது. புருஷனும் பெண்டாட்டியும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயிலோ பக்கத்துத் தண்டவாளத்தில் சாவதானமாகப் போய்விடுகிறது. இரண்டு தடம் இருப்பதே நம் கண்ணில் படாதபடி காமிராவை வைத்திருக்கிறார் மனுஷன். அப்பாடா என்று மூச்சு விடுகிற நொடியில் எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைச் சுக்குநூறாக்குகிறது. பொம்மை வீடும் இல்லை, பொம்மை ரயிலும் இல்லை.

இதில் எங்கே உதை? காமிரா கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் அந்த முதல் ரயில் வெறும் ரயில். இத்தனைக்கும் கீட்டன் பச்சைப் பிள்ளையிலேயே பெற்றோரோடு மேடையேறி, அப்பா தூக்கி வீச, விழப் பழகியவர். இந்தப் படத்திலும் மாடியிலிருந்து விழுந்து கை வீங்கிக் கிடந்தார். ஆனாலும் எனக்குப் பிடித்தது அவர் விழாத இந்த இடம்தான். இன்னொன்று, அதற்கடுத்து வருவது. நொறுங்கிக் கிடக்கும் பலகைக் குவியலில் 'விற்பனைக்கு' என்று ஓர் அட்டையை வைக்கிறார். கூடவே, எண்படி வீட்டைக் கோப்பது எப்படி என்ற குறிப்புத் தாளையும்.

மகளோடு பாருங்கள். யாராவது 'டொய்ங்' சத்தம் சேர்த்திருந்தால் ஒலியை அணைத்துவிடுங்கள். அவள் முதல் ரயிலுக்குச் சிரித்தாளா, இரண்டாவதற்கா என்று மறக்காமல் எழுதுங்கள்.