பந்து பீரோவுக்குள் போகக் கூடாது

(தூத்துக்குடி, விருதுநகர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் 33 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார். பள்ளி விளையாட்டுக்காக ஊர்களில் நடத்தப்படும் நிதிப் போட்டிகள் பற்றி வந்த கடிதங்களில் சில இங்கே.)

கேள்வி: நாங்கள் பதினாறு பேர், ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். வரும் பொங்கலுக்கு மின்னொளிக் கபடிப் போட்டி நடத்தி, மிஞ்சும் பணத்தில் பள்ளிக்கு விளையாட்டுச் சாமான்கள் வாங்கித் தர ஆசைப்படுகிறோம். முதல் பரிசு 50,000 ரூபாய் என்று அறிவித்தால்தான் நல்ல அணிகள் வரும் என்கிறார்கள். எப்படித் தொடங்குவது?
– கோவில்பட்டி அருகிலிருந்து ஓர் இளைஞர்

'மிஞ்சும் பணம்' என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி. அந்தச் சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். பட்டவள் சொல்கிறேன். 2003-இல் நான் வேலை பார்த்த பள்ளி மைதானத்தில் பழைய மாணவர்களோடு சேர்ந்து இதே போல ஒரு போட்டி நடத்தினோம். 32 அணிகள், மூன்று நாட்கள். சுற்று வட்டாரமே திரண்டு வந்தது. பந்தல், ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, நடுவர் படி, வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு, பரிசு, சால்வை எல்லாம் போக, கடைசியில் மேசைமேல் கிடந்தது 3,140 ரூபாய். இரண்டு கைப்பந்தும் ஒரு வலையும் வாங்கினோம். அதுகூடப் போகட்டும். அந்த மூன்று நாட்களும் எங்கள் பிள்ளைகள் தண்ணீர்க் குடம் சுமந்தார்கள்; கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டினார்கள். பள்ளி திறந்த அன்று மைதானத்தில் ஓடிய ஆறாம் வகுப்புப் பையன் காலில் பந்தல் ஆணி ஏறிவிட்டது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். அவனுக்காகத்தான் இந்தப் போட்டி என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தோம்.

ஆகவே கணக்கை மறுமுனையிலிருந்து தொடங்குங்கள். முதலில் தலைமையாசிரியரோடும் பள்ளி மேலாண்மைக் குழுவோடும் உட்கார்ந்து பேசுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். குழுவில் பாதிப் பேர் பெண்கள். எந்தப் பிள்ளை விளையாடுகிறது, எது ஒதுங்கி நிற்கிறது என்பது அந்தத் தாய்மார்களுக்குத் தெரியும். என்ன வாங்க வேண்டும் என்ற பட்டியலை அவர்கள் எழுதட்டும். நன்கொடையாக வரும் பணத்தை அன்றன்றே குழுவின் வங்கிக் கணக்கில் கட்டி, ரசீது கொடுத்துவிடுங்கள். போட்டிச் செலவுக்கு அதைத் தொடக் கூடாது. செலவு முழுவதும் அணிகளின் நுழைவுக் கட்டணத்துக்குள் முடிய வேண்டும். முடியாது என்று தெரிந்தால் போட்டியைச் சிறிதாக்குங்கள்.

நாக் அவுட் முறையில் 32 அணிகள் என்றால் 31 ஆட்டங்கள். ஆண்கள் கபடி இருபது இருபது நிமிடம், நடுவே ஐந்து நிமிட இடைவேளை. அடுத்த அணிகள் இறங்குவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஒரே களத்தில் 31 மணி நேரம் என்றால் விளக்கு வாடகையும் டீசலும் உங்களை விழுங்கிவிடும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கவும் சட்டத்தில் இடமில்லை. 16 அணிகளை மட்டும் அழையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு களம் போடுங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கினால் முதல் சுற்றின் எட்டு ஆட்டங்களும் பத்தரைக்குள் முடியும். தை மாதத்தில் அந்த வெயில் யாரையும் வாட்டாது. மாலை மூன்றரைக்குக் காலிறுதி. மறுநாள் காலை அரையிறுதி, மாலை இறுதி ஆட்டம். மின்னொளியே தேவையில்லை. நோட்டீஸில் அந்தச் சொல் இல்லையே என்று உங்களுக்கு வருத்தமாக இருக்கும், எனக்குத் தெரியும்.

பரிசைப் பற்றி என் கருத்து உறுதியானது. 50,000 ரூபாய் அறிவித்தால் வெளியூரிலிருந்து ஆள் பிடித்துவந்த அணிகள்தான் கோப்பையைத் தூக்கும். அதற்குப் பதில் ஒரு சுழற்கோப்பை வையுங்கள். வென்ற அணியின் ஊர்ப் பள்ளிக்கு, அந்த அணியின் பெயரால் பந்துகளைக் கொடுங்கள். 2009-இல் இதை ஒரு முறை செய்து பார்த்தோம். வென்ற அணியின் தலைவர் அந்தப் பந்து மூட்டையைத் தானே சுமந்து ஊர்ப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பணக்கவர் வாங்கிய எந்தத் தலைவர் முகத்திலும் நான் அந்த மலர்ச்சியைப் பார்த்ததில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முன், கூட்டம் நிரம்பியிருக்கும் வேளையில், உங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஆட வேண்டும். பெரியவர்களின் களம் 13க்கு 10 மீட்டர். சிறுவர்களுக்கு 11க்கு 8. அவர்களுக்கென்று தனியாகச் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். பெரியவர்கள் களத்தில் நிறுத்தி மூச்சுத் திணறவிடாதீர்கள். எல்லாம் முடிந்ததும் ஒலிபெருக்கிக்காரரிடம் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் கேட்டு வாங்கி, கயிற்றில் கட்டி, மைதானம் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துவாருங்கள். 2003-க்குப் பிறகு நான் அதைச் செய்யாமல் எந்தப் போட்டியையும் முடித்ததில்லை.

கேள்வி: ஊர் இளைஞர்கள் கைப்பந்துப் போட்டி நடத்தி 40,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். சிமென்ட் தளம் போடச் சொல்கிறார் ஒருவர். பள்ளிக் கபடி அணிக்குச் சீருடையும் ஷூவும் வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். மொத்தம் 140 பிள்ளைகள், எட்டாம் வகுப்பு வரை. எது சரி?
– தலைமையாசிரியை ஒருவர், விளாத்திகுளம் வட்டாரம்

இரண்டும் வேண்டாம், டீச்சர். கபடி அணியில் களத்தில் ஏழு பேர், மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேர். அந்தப் பன்னிரண்டு பேர் எப்படியும் விளையாடிவிடுவார்கள். தெருவில், கண்மாய்க்குள், அறுவடை முடிந்த காட்டில் ஆடுவார்கள். இந்தப் பணம் மீதி 128 பேருக்கானது.

உங்கள் வட்டாரம் கரிசல். மழை பெய்தால் காலில் அப்பிக்கொள்ளும். சித்திரையில் பாளம் பாளமாக வெடித்து, பிள்ளைகளின் கணுக்காலைப் பிடிக்கும். இதற்கு மருந்து சிமென்ட் அல்ல. சிமென்ட் தரையில் விழுகிற பிள்ளை அடுத்த முறை ஓட அஞ்சும். மேலே கொஞ்சம் சரளும் அதன்மேல் செம்மண்ணும் அடித்து, தண்ணீர் தெளித்து, உருளையால் இறுக்குங்கள். ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர்கள் நான்கு நடை மண் அடித்துத் தருவார்கள்; பணமாகக் கேட்டால் யோசிப்பவர்கள்கூட மண்ணாகக் கேட்டால் தந்துவிடுவார்கள். ஓரத்தில் வேப்பங்கன்றுகள் நடுங்கள். ஒவ்வொரு கன்றையும் ஒரு வகுப்பிடம் ஒப்படையுங்கள்.

மீதிப் பணத்தில் எண்ணிக்கை அதிகமாக வாங்குங்கள், விலை குறைவாக வாங்குங்கள். தாண்டுகயிறு முப்பது. டென்னிஸ் பந்து ஐந்து டஜன். வளையப்பந்துக்கான ரப்பர் வளையம் பத்து. கால்பந்தில் அளவு பாருங்கள்: எட்டு வயதுக்குக் கீழே மூன்றாம் எண், பன்னிரண்டு வயது வரை நான்காம் எண். ஐந்தாம் எண் பந்தை இரண்டாம் வகுப்புப் பிள்ளை உதைத்தால் பந்து நகராது, பிள்ளைதான் நொண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருள்களுக்கென ஆண்டு மானியம் இருக்கிறது: தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000, அதற்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை. அதில் என்ன வாங்கினீர்கள் என்று பார்த்துவிட்டு, இல்லாததை மட்டும் இதில் வாங்குங்கள்.

இனி, நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது ஒன்று. பந்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். நான் மாற்றலாகிப் போன ஒரு பள்ளியில் பீரோவைத் திறந்தபோது, பாலித்தீன் உறை கிழிக்காத ஏழு கைப்பந்துகள் இருந்தன. ரப்பர் இறுகி, ஊசி போட்டாலும் காற்று ஏறவில்லை. பதிவேட்டில் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. யாரைக் குற்றம் சொல்வது? தணிக்கையில் பந்து குறைந்தால் தன் கையிலிருந்து கட்ட வேண்டுமே என்று பயந்த ஒரு தலைமையாசிரியரின் வேலை அது. பிள்ளைகள் ஆடி ஆடித் தேய்ந்த பந்தைக் குழுக் கூட்டத்தில் காட்டித் தீர்மானம் போட்டுக் கழித்துவிடலாம். ஒரு மரப்பெட்டி செய்து வராண்டாவில் வையுங்கள். காலையில் எடுத்து வைப்பதும் மாலையில் எண்ணி வைப்பதும் ஏழாம் வகுப்பின் பொறுப்பாக இருக்கட்டும். ஒன்றிரண்டு தொலையும். தொலையட்டும்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளி மைதானத்துக்காக ஊரில் நடத்திய போட்டியில் பெண் பிள்ளைகளுக்குக் கிடைத்த வேலை ஆரத்தி எடுப்பதும் பரிசுத் தட்டு ஏந்துவதும்தான். கேட்டால் சண்டைக்காரி என்கிறார்கள்.
– ஒரு தாய், சாத்தூர்

கேளுங்கள் அம்மா, கேட்டுக்கொண்டே இருங்கள். எனக்கு அரைக்கால் சட்டை போட்டு ஓடக் கற்றுக்கொடுத்த டீச்சரையும் ஊர் அப்படித்தான் சொன்னது.

அடுத்த போட்டிக்கு நன்கொடை கேட்டு வரும்போது வாசலிலேயே சொல்லுங்கள்: "பெண் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டம் வைத்தால் தருகிறேன்." பெண்கள் கபடிக் களம் 12க்கு 8 மீட்டர், ஆட்டம் பதினைந்து பதினைந்து நிமிடம், நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடம் இருக்கிறது. களம் மட்டும் போதாது. உடை மாற்ற ஓர் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, தேவைப்படும் பிள்ளைக்கு நாப்கின் – இவை இல்லாமல் பதின்மூன்று வயதுப் பெண்ணை விளையாட வா என்று கூப்பிடுவது வெறும் வாய்ச்சொல். திரட்டிய பணத்தில் முதல் செலவு கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதாக இருந்தாலும் அதை விளையாட்டுச் செலவு என்றே எழுதுங்கள். பல பெண் பிள்ளைகள் மைதானத்தை விட்டு விலகியதற்கு அந்தத் தாழ்ப்பாள்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

கேள்வி: சென்னையில் வேலை செய்கிறேன். ஊரில் யாரையும் நம்பிப் பணம் அனுப்பத் தயக்கம். நேரடியாகப் பள்ளிக்குத் தர வழி உண்டா?
– ஒரு வாசகர், வேளச்சேரி

உண்டு. தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தின் வழியே, நீங்கள் படித்த பள்ளியைத் தேர்ந்தெடுத்தே கொடுக்கலாம். ரொக்கமாகத் தராதீர்கள், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்க நன்கொடைக்கு வரிக் கழிவும் கிடையாது. ஆனால் போட்டி நடக்கும்போது ஒரு நாள் லீவு போட்டு ஊருக்குப் போங்கள். கோடு போடுவதற்கு ஆள் தேவைப்படும்.

கேள்வி: மைதானம் இருக்கிறது, பந்து இருக்கிறது. ஆனால் பி.டி. பீரியட்டைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். அப்புறம் எதற்கு இந்த நிதிப் போட்டியெல்லாம்?
– பெற்றோர் ஒருவர், அருப்புக்கோட்டை

உங்கள் கோபம் நியாயமானது. ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் வகுப்பறை, குடிநீர், கழிப்பறையோடு விளையாட்டு மைதானமும் இருக்கிறது. விளையாட்டு ஒரு சலுகை அல்ல. கணக்கு ஆசிரியர் மீதும் பழி போடாதீர்கள். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தப்படுவது அவர்தான். மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள்: உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்தால், அதே வாரத்தில் திருப்பித் தர வேண்டும். நான் இதை ஒரு சிறு நோட்டில் கடன் கணக்காக எழுதிவந்தேன். மார்ச் மாதம் ஒரு கணக்கு சார் என்னிடம் வந்து, "பதினொரு பீரியட் பாக்கி இருக்கிறது டீச்சர், எப்போது வேண்டும்?" என்று கேட்டார். தேர்வு முடிந்த பிறகு பதினொன்றையும் கொடுத்தார். அவரும் பிள்ளைகளோடு ஆடினார்.

கேள்வி: எங்கள் ஸ்கூலுக்குப் போட்டி வைத்துப் பந்து வாங்கித் தந்தார்கள். பெரிய அண்ணன்கள் மட்டும்தான் ஆடுகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
– ஐந்தாம் வகுப்பு மாணவன், எட்டயபுரம்

கண்ணா, உன் கடிதத்தை உன் தலைமையாசிரியரிடம் காட்டு. திங்கள், புதன், வெள்ளி பந்து உங்களுக்கு என்று பலகையில் எழுதிப் போடச் சொல். நான் சொன்னதாகச் சொல்.

அதுவரை சும்மா நிற்காதே. கிளித்தட்டு ஆடு. அதற்குப் பந்து வேண்டாம். தரையில் நீளமாக ஒரு பெரிய கட்டம் கீறு. நடுவில் நெடுக ஒரு கோடு போடு. குறுக்கே நான்கைந்து கோடுகள் போடு. காக்கிற அணியில் ஒருவன் கிளி. அவன் நடுக்கோட்டிலும் ஓடலாம், சுற்றுக் கோட்டிலும் ஓடலாம். மற்றவர்கள் ஆளுக்கொரு குறுக்குக் கோட்டில் நின்று மறிக்க வேண்டும். எதிர் அணி ஒருவரிடமும் அடி வாங்காமல் எல்லாக் கட்டத்தையும் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் போதும். பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள். யார் முதலில் கிளி என்று சண்டை வரும். சாட் பூட் த்ரீ போட்டுக்கொள்ளுங்கள்.