சராசரி செய்யும் மாயம்

கேள்வி: அமெரிக்கக் குடும்பத்தின் சராசரிச் சொத்து 10 லட்சம் டாலருக்கு மேல் என்று படித்தேன். அங்கே எல்லாருமே பணக்காரர்களா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்நாட்டு மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் சராசரி 10,63,700 டாலர் என்பது உண்மைதான். ஆனால் அதே ஆய்வில் இடைநிலை அளவு 1,92,900 டாலர்தான். பாதிக் குடும்பங்களிடம் அதைவிடக் குறைவு.

ஒரு தெருவில் ஐந்து வீடுகள். சொத்து 1, 2, 5, 8, 84 லட்சம். கூட்டினால் 100, சராசரி 20 லட்சம். நான்கு வீடுகள் அதைத் தொடவே இல்லை! நடுவில் நிற்பவரிடம் 5 லட்சம், அதுதான் இடைநிலை.

இங்கே சொத்து என்றால் கடன் போக மிஞ்சுவது. 3 லட்சம் டாலர் வீட்டில் 2,40,000 அடமானக் கடன் பாக்கி என்றால், கணக்கில் ஏறுவது 60,000 மட்டுமே. அரசு தரப்போகும் ஓய்வூதியம் சேராது. அதனால் நடுத்தர வீடுகள் கொஞ்சம் ஏழையாகத் தெரியும்.

இன்னொரு வேடிக்கை: ஃபோர்ப்ஸ் பட்டியலின் 400 பெரும் பணக்காரர்களை இந்த ஆய்வு வேண்டுமென்றே விட்டுவிடுகிறது. அவர்களையும் சேர்த்தால் சராசரி இன்னும் ஏறும், இடைநிலை அசையாது.