டெனென்-சோஃபு ஸ்டேஷன்: ரயில்பாதை வளர்த்த ஊர் (கேள்வி பதில்)

டோக்கியோவின் தெற்கே, ஓட்டா வார்டில் இருக்கிறது டெனென்-சோஃபு. டோக்யு என்ற தனியார் ரயில் கம்பெனியின் டோயோகோ, மெகுரோ என்ற இரண்டு பாதைகள் அங்கே சந்திக்கின்றன. நூறு வருஷமாகத் தனியார் கையில் இருக்கும் அந்த ஸ்டேஷனைப் பற்றியும் ஜப்பானின் தனியார் ரயில்களைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அண்ணா, ஜப்பானில் ரயில்வே தனியார்மயமானது 1987-இல் என்று படித்தேன். இந்த ஸ்டேஷன் நூறு வருஷமாகத் தனியாரிடம் இருக்கிறது என்கிறீர்களே, எப்படி?

1987 ஏப்ரலில் பிரிக்கப்பட்டது அரசாங்கத்தின் தேசிய ரயில்வே. இன்றைய ஜேஆர் கம்பெனிகள் அதிலிருந்து வந்தவை. டோக்யு, ஓடாக்யு, ஹன்க்யு போன்றவற்றின் கதை வேறு. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தனியார் முதலீட்டில் பாதை போட்டவர்கள் இவர்கள்.

கேள்வி: டிக்கெட் காசை மட்டும் வைத்து ஒரு தனியார் ரயில் எப்படிக் கட்டுப்படியாகும்? மானியம் கொடுக்கிறார்களா?

டெனென்-சோஃபுவின் வரலாறே இதற்குப் பதில். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கே முதலில் வந்தது நிலம் விற்கும் கம்பெனி. 1918-இல் 'டெனென் தோஷி', அதாவது தோட்ட நகரம் என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதன் பின்னால் இருந்தவர் தொழிலதிபர் ஷிபுசாவா எய்இச்சி. 2024 ஜூலையில் வந்த புதிய 10,000 யென் நோட்டில் இருப்பது அவர் முகம்தான். அவர் மகன் ஹிதேவோ அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய் அங்கே புறநகர்களை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வந்தார்.

மனை இருந்தால் மட்டும் போதுமா? நகரத்துக்கு வேலைக்குப் போய்வர வழி இல்லாத இடத்தில் யார் குடியேறுவார்கள்? இந்தச் சிக்கலை ஒசாகா பக்கம் ஏற்கெனவே தீர்த்துக் காட்டியிருந்தார் ஹன்க்யுவை நிறுவிய கொபயாஷி இச்சிஸோ. இன்றைய ஹன்க்யுவின் முதல் பாதை 1910-இல் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு இகேதாவில் பாதையோரம் வீடு கட்டி, மாதத் தவணையில் விற்றார். பாதையின் ஒரு முனையான தகராஸுகாவில் 1914 முதல் பெண்களே நடிக்கும் இசை நாடகம் நடந்தது. மறுமுனையான உமேடாவில் 1929-இல் ஸ்டேஷனை ஒட்டியே ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் வந்தது. டோக்கியோக்காரர்கள் அவரிடம் யோசனை கேட்டார்கள். அவர் முன்னாள் ரயில்வே அதிகாரி கோதோ கெய்தாவைக் கைகாட்டினார். 1922-இல் நிலக் கம்பெனியின் ரயில் பகுதி மெகுரோ-கமாதா என்ற தனிக் கம்பெனியானது. டோக்யுவின் தொடக்கம் இதுதான்.

ஸ்டேஷன் திறந்தது 1923 மார்ச் 11. அப்போது பெயர் வெறும் சோஃபு. ஆகஸ்டில் மனை விற்பனை தொடங்கியது. அடுத்து செப்டம்பர் 1 அன்று கான்டோ பெருநிலநடுக்கம். நகரின் நெருக்கமான பகுதிகள் தீயில் அழிந்தன. அதன் பிறகு மக்கள் புறநகர் பக்கம் நகர, மனைகளுக்குக் கிராக்கி ஏறியது.

அப்புறம் இன்னொரு கணக்கு இருக்கிறது. காலையில் நகரத்துக்கு நிரம்பிப் போகும் ரயில் காலியாகத் திரும்பினால் பாதி வண்டி வீண். ஆகவே எதிர்த்திசையிலும் ஆள் போக ஒரு காரணம் வேண்டும். அடுத்த ஸ்டேஷனான தமகாவா அருகே 1925 முதல் 1979 வரை ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இயங்கியது. நிலநடுக்கத்தில் கட்டடங்களை இழந்த டோக்கியோ உயர் தொழில்நுட்பப் பள்ளி, தன் பழைய நிலத்தைக் கொடுத்து மாற்று நிலம் பெறும் ஏற்பாட்டில் 1924-இல் இதே பாதையில் உள்ள ஓஓகயாமாவுக்கு வந்தது. கெய்யோ பல்கலைக்கழகத்துக்கு ரயில் கம்பெனியே ஹியோஷியில் நிலம் கொடுத்தது. 1934-இல் அங்கே வளாகம் திறந்தது.

ஆக, கம்பெனியின் வருமானம் டிக்கெட் கவுண்டரோடு முடிவதில்லை. மனை, வாடகை, கடை எல்லாவற்றுக்கும் மதிப்புக் கொடுப்பது ரயில். அந்த ரயிலுக்கு ஆள் கொடுப்பவை அவை. நான் படித்த போக்குவரத்துத் திட்டங்களில் இவ்வளவு தெளிவாக யோசித்தது வேறு இல்லை என்பேன்.

கேள்வி: சார், வரைபடத்தில் ஸ்டேஷனின் ஒரு பக்கம் மட்டும் அரைவட்டமாகத் தெருக்கள் விரிகின்றன. அது என்ன?

அது மேற்குப் பக்கம். ஸ்டேஷன் வாசலை மையமாக வைத்து, விசிறி போலத் தெருக்களைப் போட்டிருக்கிறார்கள். இருபுறமும் கிங்கோ மரங்கள். இலையுதிர்காலத்தில் போனால் தெரு முழுக்க மஞ்சள். வீட்டை எந்தத் தெருவில் கட்டினாலும் காலையில் நடக்கும் வழி ஸ்டேஷனில்தான் வந்து சேரும்.

கேள்வி: படங்களில் வரும் சிவப்புக் கூரைக் கட்டடம் நிஜமாகவே பழையதா?

இப்போது நிற்பது மீண்டும் எழுப்பியது. 1923-இல் கட்டிய மூலக் கட்டடத்தை, பாதையைத் தரைக்குக் கீழே இறக்கும் வேலைக்காக 1990-இல் பிரித்தார்கள். 2000-இல் பழைய வடிவத்தில் திரும்ப நிறுத்தினார்கள். ரயில்கள் கீழே ஓடுவதால் இன்று அது ஒரு நுழைவாயில் மாதிரிதான். அதற்காகச் செலவு வீண் என்று சொல்லமாட்டேன். அத்தனை தெருக்களும் பார்த்து நிற்கிற இடம் வெறுமையாகக் கிடந்தால் ஊரின் திட்டமே புரியாமல் போய்விடும்.

கேள்வி: எபனேசர் ஹாவர்டு என்ற ஆங்கிலேயர் சொன்ன தோட்ட நகரமும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஹாவர்டு நினைத்தது வீடும் தொழிற்சாலையும் வயலும் சேர்ந்த, தன் காலில் நிற்கும் ஊர். இங்கே வந்தது வீடுகள் மட்டும். வேலைக்கு ரயிலேற வேண்டும். பிற்காலத்தில் பணக்காரர்களின் பேட்டை என்றே பெயர் வாங்கிவிட்டது. ஒரு மனை 165 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்று உள்ளூர் விதி இருக்கிறது. பெரிய மனைகள் கைமாறும்போது துண்டாகாமல் ஓரளவு காப்பது அதுதான். ஆனால் சாதாரணச் சம்பளக்காரர் அங்கே நுழைய முடியாததற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு உறுத்துவது இதுதான்.

கேள்வி: ஷிபுயாவிலிருந்து எந்த வண்டியில் ஏறுவது? ஜேஆர் பாஸ் செல்லுமா?

பாஸ் செல்லாது, இது டோக்யு பாதை. பணம் ஏற்றிக்கொள்ளும் பாஸ்மோ அல்லது சுய்கா கார்டு போதும். டோயோகோ பாதையில் எக்ஸ்பிரஸும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டியும் டெனென்-சோஃபுவில் நிற்கும். அதைவிட வேகமான லிமிடெட் எக்ஸ்பிரஸ் நிற்காது. அதில் ஏறிவிட்டால் ஒரு ஸ்டேஷன் முன்னால், ஜியூகாவோகாவில் இறங்கி மாறுங்கள்.

கேள்வி: அக்கா அங்கே வேலைக்குப் போகிறாள். ஒரே வண்டியில் டோக்கியோ மெட்ரோ வரைக்கும் போகலாம் என்கிறாள். டிக்கெட் ஒன்றுதானா?

வண்டி ஒன்று, கட்டணம் இரண்டு. 2013 மார்ச்சிலிருந்து டோயோகோ ரயில்கள் ஷிபுயாவில் மெட்ரோவின் ஃபுகுதோஷின் பாதைக்குள் நேராகப் போகின்றன. இருக்கையை விட்டு எழ வேண்டாம். ஆனால் இரண்டு கம்பெனியின் கட்டணமும் சேர்த்துத்தான் கார்டில் கழியும். தினமும் போவதாக இருந்தால் இரண்டையும் சேர்த்து 1, 3 அல்லது 6 மாதத்துக்கு ஒரே சீசன் பாஸாக எடுக்கலாம். அங்கே பெரும்பாலான வேலைகளில் அந்தப் பணத்தை அலுவலகமே கொடுத்துவிடும். வேலைக்குச் சேரும்போதே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: மெகுரோ பாதைக்கு மாறப் படி ஏறி இறங்க வேண்டுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி.

ஒரே திசையில் போகிற வண்டி என்றால் வேண்டியதில்லை. இரு பாதைகளும் ஒரே பிளாட்ஃபாரத்தின் இரண்டு ஓரங்களில் வந்து நிற்கும். இறங்கிக் குறுக்கே நடந்தால் போதும். தண்டவாள ஓரத்தில் தடுப்புக் கதவும் இருக்கிறது. வெளியே போகும்போது மட்டும் லிஃப்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.